நடந்து போகிற தூரம்

பஸ் என்னை இறக்கிவிட்டு நகர்ந்ததும் ஹோட்டல் தெரிந்தது. பச்சை நிறத்தில் பெயர்ப் பலகை, அதற்குக் கீழே கண்ணாடிக் கதவு, கதவுக்கு முன்னால் தோளில் பையோடு என் கணவர். கையை உயர்த்தி ஆட்டினார். நானும் ஆட்டினேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எட்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் போகக்கூடிய அகலத்துக்கு ஒரு சாலை இரைந்துகொண்டிருந்தது. அதன் நட்டநடுவில் ஆள் உயரத்துக்குக் கம்பி வேலி. லாரி ஒன்று குறுக்கே வந்தால் அவர் காணாமல் போவார். லாரி போனதும் அதே இடத்தில் அதே கையை ஆட்டிக்கொண்டு நிற்பார். இரண்டு மாதம் கழித்துப் பார்க்கிற மனுஷனை அப்படித் தவணை முறையில்தான் பார்க்க முடிந்தது.

போன் அடித்தது. "பாத்தியா, உன் ஆஸ்பத்திரிக்கு எவ்ளோ பக்கத்துல பிடிச்சிருக்கேன்" என்றார். குரலில் அப்படி ஒரு பெருமை.

"பக்கம்தான். எப்படி வர்றது?"

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார், திரும்பி வந்தார். "வண்டியில வந்தா ரெண்டே நிமிஷமாம்."

"நடந்து வந்தா?"

"நடந்து இதுவரைக்கும் யாரும் வந்ததில்லையாம். கவுன்ட்டர்ல இருக்கிற அம்மா என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அறை பிடிப்பது எப்போதும் என் பொறுப்பு. நான் இந்த ஊரில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். தங்கியிருப்பது பெண்கள் விடுதியில். ஆண்கள் அதன் கேட்டைத் தாண்ட முடியாது, கட்டின புருஷனாக இருந்தாலும். அவர் வேறொரு ஊரில் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ராத்திரி ரயிலில் வருவார், இரண்டு நாள் இருப்பார். அந்த இரண்டு நாளுக்கு எங்களுக்கு ஒரு கதவும் தாழ்ப்பாளும் வேண்டும். இந்த முறை மட்டும், "நான் பாத்துக்கறேன், நீ சும்மா வா" என்று சொல்லியிருந்தார். ஆசையாகச் சொல்கிறாரே என்று விட்டேன். நடுவில் இப்படி ஒரு சாலை ஓடினால் ஊர் இரண்டு ஊராகிவிடும் என்பது வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்?

கார் இல்லாதவர்கள் இந்த ஊரில் அறை தேடுவது ஒரு தனிப் படிப்பு. கொட்டின தண்ணீர் மாதிரி நாலாபக்கமும் பரவிக்கொண்டே போகிற ஊர் இது. போனில் காட்டுகிற படத்தில் கட்டில் இருக்கும், திரைச்சீலை இருக்கும், ஜாடியில் பிளாஸ்டிக் பூ இருக்கும். பஸ் நிறுத்தம் மட்டும் இருக்காது. ஊருக்கு வெளியே போகப் போக அறை மலிவு, ஆனால் அந்த மலிவை டாக்ஸிக்காரர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். 'எல்லா இடமும் நடந்து போகிற தூரம்தான்' என்று தங்கியவர்கள் எழுதிவைத்திருப்பார்கள். எழுதினவர் வண்டியை விட்டு இறங்கியே இருக்க மாட்டார். நான் அதையெல்லாம் நம்புவதில்லை. பஸ் மாறாமல் போக முடியுமா, நிறுத்தத்திலிருந்து வாசல்வரை விளக்கு இருக்கிறதா, அவ்வளவுதான் பார்ப்பேன். மற்றதைப் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சோதிப்போம். அவர் லிஃப்டில் ஏறியதும் காதைச் சாய்ப்பார். "மூச்சு வாங்குது. ரொம்ப நாள் தாங்காது" என்பார், டாக்டர் மாதிரி. நான் தலையணை உறையை மோந்து பார்த்துச் சோப்பு சரியாக அலசியிருக்கிறார்களா என்று சொல்லுவேன். இந்த லட்சணத்தில் எங்களுக்கு ஒரு அறை பிடித்துவிட்டால் அது பெரிய விஷயம்.

அப்படிப் பிடித்துப்போனவை சில இருக்கின்றன. ஒரு மத்தியானம், தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் படுத்திருந்தபோது, அவற்றையெல்லாம் சேர்த்து நான் ஒரு வீடு கட்டினேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் பெரிய ஜன்னல் உள்ள அறைதான் கூடம். தண்ணீர் சுடவைக்கும் கெட்டில் இருக்கிற அறை, அது ஊரின் தெற்கு மூலையில், சமையலறை. பழைய சந்தைக்கு மேலே துணி காயப்போடக் கொடி கட்டியிருந்த அறைதான் மொட்டைமாடி. கூடத்திலிருந்து சமையலறைக்குப் போக நாற்பத்தேழாம் நம்பர் பஸ் ஏற வேண்டும்; கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால் சமையலறை பூட்டிக்கொள்ளும். அவரிடம் சொன்னபோது சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ யோசித்துவிட்டு, "கூடத்துல வாடகை ஏத்திட்டாங்களே, என்ன பண்றது?" என்றார். அதிலிருந்து ஊர் முழுக்க எங்கள் வீடு ஆகிவிட்டது. சந்தை இரைச்சலும் ரயில் சத்தமும் அடுத்த அறையில் யாரோ புரள்கிற மாதிரி கேட்கும். வாசல் ஒன்றுதான் அந்த வீட்டில் இல்லை. செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போகிற மாதிரி ஒரு வாசல். ஹோட்டலில் செருப்பு கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும், கிளம்பத் தயாராக.

"பஸ் போற பக்கமே நடப்போம்" என்றார் போனில். "எங்கேயாவது பாலம் வரும். நீ அந்தப் பக்கம் நட, நான் இந்தப் பக்கம் வர்றேன்."

நடந்தோம். வெயில் சாய்ந்து, தூசி முழுக்க மஞ்சளாக மிதந்தது. தூரத்தில் சாலைக்குக் குறுக்கே ஒரு கோடு தெரிந்தது, பாலமாக இருக்கலாம். நடைபாதை என்று ஒன்று இல்லாததால் நான் கடைகளின் முகப்பை ஒட்டியே நடந்தேன். அவர் அந்தப் பக்கம் என் வேகத்துக்கு நடந்தார். நான் நின்றால் நின்றார்.

"உன் பக்கம் என்ன இருக்கு?"

"கார் கடை. வரிசையா கார் கடைதான். உங்க பக்கம்?"

"செடி விக்கறாங்க. சின்னச் சின்னத் தொட்டி. யாருமே இல்ல, தண்ணி மட்டும் தானா தெளிக்குது."

அங்கே செடி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு நீளச் சுவர்தான். அவர் சொல்லச் சொல்ல, கனவு கண்டவர் எழுந்து அதை நமக்குச் சொல்கிற மாதிரி இருந்தது. இரைச்சலுக்கு நடுவில் அவர் குரல் மட்டும் காதுக்குள் இருந்தது, ஆள் அங்கே எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தார். இப்படியே நடந்துகொண்டே இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. கிட்டே போனபோது அந்தக் கோடு பாலமில்லை, ஊர்ப் பெயர்களை எழுதிய பெரிய பலகை என்று தெரிந்தது. அதற்கும் அப்பால் இன்னொரு கோடு.

அவர் ஒரு காலைத் தாங்கித் தாங்கி வைப்பதை அப்போதுதான் கவனித்தேன். "கால்ல என்ன?"

"புது ஷூ. கடிக்குது."

எனக்குத் தெரிந்து அவர் ஷூ போட்டது கல்யாணத்தன்று ஒரு முறைதான். "ஷூவா? யாரைப் பாக்க?"

லாரிகள் வரிசையாகப் போயின. நீளமான வரிசை. அவை போன பிறகுதான் பதில் வந்தது. "ஹோட்டலுக்குப் பின்னாடி எங்க கம்பெனி கிளை ஆபீஸ் ஒண்ணு இருக்கு. காலையிலேயே வந்துட்டேன். அங்க ஆள் வேணுமாம். மாத்திக்கிட்டு வரியான்னு கேக்கறாங்க. நாளைக்குள்ள சொல்லணும்." பிறகு, "வந்துடட்டுமா?" என்றார்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன்தான், ஆனால் அதோடு பழைய வீடும் ஞாபகத்துக்கு வந்தது. நாங்கள் ஏற்கெனவே ஒரு வீட்டில் சேர்ந்து இருந்தவர்கள். கல்யாணமானதும் அவருடைய அண்ணன் வீட்டில், ஐந்து வருஷம். எங்களுக்குக் கொடுத்த அறை வழியாகத்தான் துணி காயப்போடுகிற பால்கனிக்குப் போக வேண்டும். அண்ணி, அண்ணியின் பிள்ளைகள், வேலைக்கு வருகிறவர், எல்லோரும் எந்நேரமும் எங்களைக் கடந்து போவார்கள். கதவைச் சாத்தினால் தட்டுவார்கள். அதனால் நாங்கள் பேச்சைக் குறைத்தோம். குறைத்துக் குறைத்து, "சாப்பாடு போடட்டுமா", "லைட்டை அணைச்சிடு" என்கிற அளவுக்கு வந்துவிட்டோம். பிறகு பால்கனிக்கு யாரும் போகாத நேரத்திலும் பேச்சு வரவில்லை. நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்ததே சம்பளத்துக்காக மட்டும் இல்லை. அவர் முதல் முறை என்னைப் பார்க்க வந்து, ரயில் நிலையத்துக்குப் பின்னால் அந்தப் பெரிய ஜன்னல் அறையில், தாழ்ப்பாள் போட்ட பிறகு, தன் சின்ன வயதில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துத் தன் பெயரைக் கூப்பிட்ட கதையைச் சொன்னார். ஐந்து வருஷமாக ஒரே பாயில் படுத்தவர், அதை அன்றைக்குத்தான் சொன்னார். இரண்டு மாதத்துக்கு இரண்டு நாள் என்று கிடைத்ததால்தானா அந்தப் பேச்சு? தினமும் கிடைத்தால் திரும்பவும் லைட்டை அணைச்சிடு என்பதில் வந்து நின்றுவிடுமா?

ரூமில் இருந்தால் இதைக் கேட்டிருக்க மாட்டேன். முகம் சரியாகத் தெரியாததாலோ என்னவோ, வாயைத் திறந்துவிட்டேன். "எனக்குப் பயமா இருக்குங்க. வீடுன்னு ஒண்ணு வந்துட்டா நாம மறுபடியும் பேசாமப் போயிடுவோமோன்னு."

சொல்லி முடித்தேனா, பாதியில் நின்றதா தெரியவில்லை. போனைப் பார்த்தால் திரை கருப்பு. சார்ஜ் தீர்ந்திருந்தது. கையில் கிடந்தது வெறும் கண்ணாடி.

அவர் நடந்துகொண்டே இருந்தார். போன் காதில் இருந்தது. இன்னொரு கை அசைந்துகொண்டிருந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது: பேசிக்கொண்டிருக்கிறார். இந்த இரைச்சலில் லைன் போனது அவருக்குத் தெரியவில்லை. நான் கையை வீசினேன், போனைத் தூக்கிக் காட்டினேன். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. லாரி மறைத்தது, விலகியது, பேசிக்கொண்டிருந்தார். பஸ் மறைத்தது, விலகியது. ஒரு கையை விரித்து எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். என் மனுஷர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் பார்த்ததில்லை. அப்போதும் பார்க்கத்தான் செய்தேன், கேட்கவில்லை. இடையில் ஒரு முறை சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையா வேறெதுவுமா, அவ்வளவு தூரத்திலிருந்து எப்படிச் சொல்வது. எனக்கு அழுகை வந்தது. செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு நானும் நடந்தேன், அவர் நிமிர்ந்து பார்த்தால் நான் கேட்டுக்கொண்டிருப்பதாகவே இருக்கட்டும் என்று.

பாலம் நிஜமாகவே வந்தது. இரும்புப் படிகள், துருப்பிடித்த கைப்பிடி. இரண்டு பக்கத்திலிருந்தும் ஏறினோம். அவர் பக்கம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று ஒரு லிஃப்ட் இருந்தது. அதன் கதவை அவர் ஒரு முறை தட்டிப் பார்த்ததை மேலே இருந்து பார்த்தேன். அந்தப் பழக்கம் போகாது. நடுவில் சந்தித்துக்கொண்டோம். காலுக்குக் கீழே வண்டிகள் போகப் போகத் தளம் மெல்ல அதிர்ந்தது. கீழே சாலை முழுக்க விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன, ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் சிவப்பு.

அவருக்கு மூச்சு வாங்கியது. "சரின்னு தோணுதா?" என்றார்.

"எது?"

"நான் சொன்னது."

"என் போன் எப்பவோ செத்துப்போச்சுங்க. நான் பயமா இருக்குன்னு சொன்னது கேட்டுதா?"

"அது கேட்டுது. அதுக்குத்தானே அவ்ளோ நேரம்…" நிறுத்தினார். என் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. "எதுவுமே கேக்கலையா?"

"ஒரு வார்த்தைகூட."

"நிறைய சொல்லிட்டேனே. மறுபடி அப்படியே வருமான்னு தெரியல."

"அப்படியே வர வேணாம். எப்படி வருதோ அப்படிச் சொல்லுங்க."

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் ஹோட்டலுக்குத் திரும்புகிற வழி, ஒரு பக்கம் நான் வந்த வழி. பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, முனகியபடி ஷூவைக் கழற்றினார். குதிகாலில் தோல் உரிந்திருந்தது. ஷூவை ஜோடியாகச் சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு, வெறுந்தரையில் காலை நீட்டி, கம்பியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். நான் என் செருப்பைக் கழற்றி அதன் பக்கத்தில் விட்டேன். நாளெல்லாம் வெயில் குடித்த இரும்புத் தளம் உள்ளங்காலுக்குக் கதகதப்பாக இருந்தது.

"அண்ணன் வீட்டுல அந்த ரூம்ல…" என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். மறுபடி, "அந்த ரூம்ல, நீ தூங்கின பிறகு நான் முழிச்சிட்டு இருப்பேன்" என்றார்.

அந்த நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் பாலத்தில் வந்தார். ஷூவையும் செருப்பையும் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பேச்சைக் கலைக்கக் கூடாது என்பது போலச் சைக்கிளைத் தூக்கிப் பிடித்து, எங்கள் செருப்புகள் மேல் சக்கரம் பட்டுவிடாமல், மெல்லச் சுற்றிக்கொண்டு போனார்.