சந்தனப் பட்டில் துருச் சொட்டு

சந்தன நிறப் பட்டில் பழுப்பாக ஒரு சொட்டு விழுந்திருந்தது.

"வெத்தலைய பொடவ மேலயா துப்புவே, வடிவாம்பா?" என்றார் நெசவாளர் சங்கத் தலைவர் சபாபதி.

வடிவாம்பாள் நாக்கை நீட்டிக் காட்டினாள். "நான் வெத்தலையே போடறதில்ல. மேல பாருங்கண்ணே."

அவள் தறிக்கு நேர் மேலே, அறுபத்தாறில் போட்ட கான்கிரீட் கூரை. எட்டே வருஷத்தில் சிரங்கு பிடித்த முதுகு மாதிரி உப்பி வெடித்து, வெடிப்பில் சீழாகப் பழுப்பு நீர் கசிந்தது. மாடியில் சங்கத்தின் சாயப் பட்டறை இருந்தது.

மேஸ்திரி முனிசாமி ஏணியில் ஏறிச் சுத்தியால் தட்டினார். காலிப் பானை மாதிரிச் சத்தம் கேட்டது. ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. உள்ளே, விரல் தடிமன் இருந்த கம்பி ஊதுவத்தியாக இளைத்திருந்தது. நகம் பட்டதும் அடுக்கடுக்காக உரிந்தது.

"திராவகம் கலந்த சாயத் தண்ணி எறங்கிக்கினே இருக்குது, தலைவரே. கம்பி துருவேறி உப்பி, கான்கிரீட்டை ஒடைக்குது. பட்டறைய மூடிட்டு வேற கம்பி கட்டணும்."

"வெள்ளிக்கிழமை சங்கத்தப் பாக்க அதிகாரிங்க வராங்கப்பா. பூசி வெள்ளையடி."

"மூணு தரம் பூசிட்டேன். பூசற கரணையப் பாத்தா எனக்கே கொமட்டுது."

"அப்போ என் தறிய வேற எடத்துக்கு மாத்துங்க" என்றாள் வடிவாம்பாள்.

"கல்யாணப் பொடவயோட பாவு நூல பாதியில அறுப்பாங்களா? பொண்ணுக்கு ஆவுமா? முடிச்சுட்டு எழுந்திரும்மா."

இருபது வருஷத்தில் அவளும் பாதியில் பாவு அறுத்ததில்லை. தலைக்கு மேல் தொங்கிய கம்பியைப் பார்த்தாள். தறிக் குழியைவிட்டு ஏறினாள்.

"நீங்களும் நெய்யறவர்தானே. ஒரு சாண் நெய்ங்க. மீதிய நான் முடிக்கிறேன்."

சுற்றியிருந்த தறிகள் நின்றன. எல்லாரும் பார்க்கவே, சபாபதி குழியில் காலை இறக்கி உட்கார்ந்தார். நூல் கோத்த நாடா இரண்டு தரம் குறுக்கே ஓடியது. அவர் கண் தறியில் இல்லை. வாய் பிளந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாயில் சொட்டு விழுந்தது.

"தூ!"

துப்பியது பட்டின் மேலேயே விழுந்தது. அலறியடித்துக்கொண்டு குழியிலிருந்து வெளியே வந்தார்.

"ஒரு வெரக்கடைகூட ஆவலியேண்ணே!"

வடிவாம்பாள் கத்தியை எடுத்துப் பாவை அறுத்தாள். நெய்த துண்டைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"வாயத் தொடைச்சுக்குங்க."

குழைத்து வைத்திருந்த சிமெண்டை முனிசாமி சாக்கடையில் கொட்டினார். பக்கத்துத் தறிக்காரியும் கத்தியைத் தேடினாள்.