தானாகத் திரும்பிய என்ஜின்

யாரும் தொடாமலே அந்த என்ஜின் நின்றது. சற்று நேரம் இருந்த இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். ஐந்து பெட்டிகளையும் பின்னால் தள்ளிக்கொண்டு போய் வளைவில் கவிழ்த்தது.

"பாத்தியா மாப்பிள்ளை? கையைக் கட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன். கன்ட்ரோல் பக்கமே போகல" என்றார் அத்தான்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"உன் மருமக ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்துதான். அப்பன் ரயில் விட்டு விளையாடுறது அவளுக்குப் பிடிக்கல போல."

மருமகள் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். மாதம் நிறையும் முன்பே பிறந்துவிட்ட குழந்தை. வெளியே எலும்பைத் துளைக்கும் குளிர். அறை கதகதப்பாகவே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்ததால், மின்சார ஹீட்டர் ஒன்று இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா கதவிடுக்கில் தலையை நீட்டினாள். "அந்தச் சனியனைத் தூக்கிப் பரண்ல போடுங்களேன். வீட்டுல என்னமோ சரியில்லைன்னு எனக்கு அடிச்சுக்கிட்டே இருக்கு."

"உனக்கு அடிச்சுக்கறதுக்கெல்லாம் ஸ்பேர் பார்ட் கிடைக்காது. பேசாம போய்ப் படு" என்றார் அத்தான்.

மாதிரி ரயில்களைப் பழுது பார்ப்பது என் தொழில். அக்கா எனக்கு வைத்த பெயர் பொம்மை டாக்டர். இந்த நோயாளி ஏற்கனவே ஒருமுறை என் கடைக்கு வந்து போயிற்று. அங்கே நாள் முழுக்க ஓடியது; ஒருதரம்கூடத் தடுமாறவில்லை.

இது எப்படித் திசை மாறுகிறது என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான மாதிரி ரயில்கள் பாட்டரி மாதிரியான நேர்த்திசை மின்சாரத்தில் ஓடுகின்றன. தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளில் எது கூட்டல், எது கழித்தல் என்பதை மாற்றினால் போதும், வண்டி திரும்பிவிடும். அத்தானுடையது பழைய வகை. ஓடுவது வீட்டுக்கு வருவது போன்ற மாறுதிசை மின்சாரத்தில். அதில் கம்பியை மாற்றிக் கொடுத்தாலும் மோட்டாருக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே என்ஜினுக்குள்ளேயே ஒரு சின்ன உருளை வைத்திருப்பார்கள். மின்சாரம் நின்று மறுபடி வரும்போதெல்லாம் அது ஒரு பல் சுழலும். முன்னால், நிற்பது, பின்னால், நிற்பது, மறுபடி முன்னால். நாம் பொத்தானை அழுத்தி மின்சாரத்தை ஒரு கணம் நிறுத்துகிறோம். அது திசை மாற்றுகிறது. யார் நிறுத்தினார்கள் என்று அது கேட்பதில்லை.

அப்படியானால் இங்கே வேறு எதுவோ மின்சாரத்தை நிறுத்திக்கொண்டிருந்தது.

எங்கள் தொழிலில் முதலில் தண்டவாள அழுக்கைத்தான் சந்தேகிப்போம். ஆகவே தண்டவாளத்தைத் துடைத்தேன், சக்கரங்களைத் துடைத்தேன். மறுபடி 'டக்'. என்ஜினைத் தலைகீழாகத் தாங்கியில் படுக்கவைத்து, தண்டவாளமே இல்லாமல், வீட்டு மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மரிலிருந்து நேராக இரண்டு கம்பி கொடுத்தேன். சக்கரங்கள் காற்றில் சுழன்றன. காத்திருந்தோம். 'டக்'. நின்றுவிட்டது. என் பையிலிருந்த டிரான்ஸ்பார்மரை மாற்றிப் பார்த்தேன். அதிலும் 'டக்'.

"மாப்பிள்ளை, இந்த உருளையைப் பூட்ட ஒரு நெம்புகோல் உண்டுல்ல? பூட்டிடு. முன்னாடி மட்டும் போனாப் போதும். நானும் நிம்மதியா இருப்பேன், அவளும் வாயை மூடுவா."

உண்டு. என்ஜின் முதுகில் ஒரு சின்ன நெம்புகோல். அதைத் தள்ளிவிட்டால் மின்சாரம் எத்தனை முறை நின்று வந்தாலும் உருளை அசையாது. எங்கள் ஆட்கள் பலர் இந்த நோய்க்குச் செய்கிற வைத்தியமே அதுதான். என் விரல் அதன்மேல்தான் இருந்தது. ஆனால் கோளாறு தண்டவாளத்தில் இல்லை, டிரான்ஸ்பார்மரில் இல்லை, என் கடையில் ஓடியதால் என்ஜினிலும் இல்லை. மிச்சம் இருந்தது சுவரிலிருந்து வரும் மின்சாரம் மட்டும்.

டிரான்ஸ்பார்மரையும் என்ஜினையும் சமையலறைக்குத் தூக்கிப் போய் அங்கே செருகினேன். என்ஜின் அமைதியாகச் சுழன்றுகொண்டே இருந்தது. மறுபடி ரயில் அறைக்குக் கொண்டுவந்தேன். இந்த முறை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சூடு தணிந்ததும் பக்கத்து அறை ஹீட்டர் தானாகவே 'கிளிக்' என்று உயிர்பெற்றது. கொஞ்ச நேரத்தில் என்ஜின் 'டக்' என்றது. ஹீட்டர் அணைந்தது; அது அணைந்திருந்தவரை 'டக்' சத்தமே இல்லை. மறுபடி 'கிளிக்'. மறுபடி 'டக்'.

எழுந்து, அக்காவும் குழந்தையும் இருந்த பக்கத்து அறைக்குப் போனேன்.

ஹீட்டர் ஜன்னல் ஓரம் இருந்தது. தொட்டிலோ எதிர்ப்பக்கம், ரயில் அறையைப் பிரிக்கும் பலகைச் சுவரை ஒட்டி. குழந்தையின் தலைக்கு மேலே, சுவரில் மின்கம்பி இணைப்புப் பெட்டியின் வெள்ளை மூடி.

"அக்கா, தொட்டிலை ஏன் இங்க போட்டே?"

"அந்தச் சுவருதான்டா கதகதப்பா இருக்கு. தொட்டுப் பாரேன். ஆனா ஒரே மீன் நாத்தம். நானும் பால் துணியெல்லாம் துவைச்சுப் பாத்துட்டேன், போக மாட்டேங்குது."

தொட்டுப் பார்த்தேன். ஹீட்டருக்கு அவ்வளவு தூரத்தில் இருந்த சுவர், காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரிச் சுட்டது.

"குழந்தையைத் தூக்கு. இப்பவே. அத்தான், மெயினை அணைங்க!"

"ஏன்டா, என்னடா ஆச்சு?" குழந்தையைத் தூக்கிக்கொண்டே கேட்டாள் அக்கா.

"அப்புறம் சொல்றேன், வெளியே போ!"

அத்தான் கேள்வி கேட்காமல் ஓடினார். விளக்கெல்லாம் அணைந்தன. டார்ச் வெளிச்சத்தில் மூடியைக் கழற்றினேன். அதன் உள்பக்கம் பழுப்பேறி உருகியிருந்தது; அக்கா சொன்ன மீன் நாற்றம் அந்த வெந்த பிளாஸ்டிக்கிலிருந்துதான் வந்தது. பின்னால் இருந்த பலகை உள்ளங்கை அகலத்துக்குக் கரியாகியிருந்தது. விரலால் அழுத்தியதும் உதிர்ந்தது.

"ஃபியூஸ் ஏன்டா போகல?" என்று கேட்டார் அத்தான்.

"ஃபியூஸ் அதிகமா மின்சாரம் போனாத்தான் போகும், அத்தான். இங்க அதிகமாப் போகல. போற வழிதான் தளர்ந்து கிடந்துச்சு."

இரண்டு அறைகளுக்குமான மின்சாரம் அந்தப் பெட்டிக்குள், கம்பிகளைப் பிணைக்கும் ஒரே திருகாணி வழியாகத்தான் போயிற்று. திருகாணி தளர்ந்திருந்தது. ஹீட்டர் ஓடும்போதெல்லாம் அந்த இடம் கொதித்து, பொறி தெறித்து, ஒரு கணம் விட்டு மறுபடி பிடித்தது. ஹீட்டரின் கம்பி ஒரு கணத்தில் ஆறிவிடாது, அதனால் அது காட்டிக்கொடுக்கவில்லை. விளக்குகளுக்கு வேறு கம்பி. ஒவ்வொரு விடுபடலையும் கவனித்தது அந்த உருளை மட்டும்தான்.

அத்தான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கூடத்தில் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு நின்றாள். எங்கள் பக்கமே வரவில்லை.

கருகிய கம்பிகளை நல்ல செம்பு பளபளக்கும் இடம்வரை வெட்டினேன். வெந்த பலகையை அறுத்தெடுத்தோம். புதுப் பெட்டி வைத்து, கம்பி முனைகளைப் புதிய இணைப்பியில் செருகி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, அசையாதபடி திருகாணிகளை முடுக்கினேன். ஹீட்டருக்கு மெயின் பலகையிலிருந்து தடித்த கம்பி ஒன்றைத் தனியாக இழுத்துக் கொடுத்தோம். ஹீட்டர் மறுபடி 'கிளிக்' என்றது; நெம்புகோலைப் பூட்டாமலே விட்டிருந்த என்ஜின் இந்த முறை 'டக்' என்று சொல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது.