இது நான் இல்லை

ரேடியோ என்று விடுதி முழுக்கப் பெயர் வாங்கியவள், பிறர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கும் வேலைக்கு முன்வந்தாள் என்று தெரிந்ததும் சிரிக்காதவர்கள் இல்லை. கல்லூரியில் மாணவர் நலத் திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். மனசு சரியில்லாத பிள்ளைகள் ஆலோசகரின் கதவைத் தட்டத் தயங்குவார்கள், கூடப் படிக்கிறவர்களிடம் என்றால் வாய் திறப்பார்கள் என்று, மாணவர்களிலேயே சிலரைத் 'துணை'யாகப் பழக்கும் ஏற்பாடு அது. "நீ துணையா? உன் வாயை மூட முதல்ல ஒரு துணை வேணுமேடி" என்றார்கள் தோழிகள். ரேடியோ அசரவில்லை. இறுதியாண்டு, இதிலாவது நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு. அதில் தப்பொன்றும் இல்லை. நல்ல காரியத்தோடு கொஞ்சம் ஆசையும் ஒட்டிக்கொண்டுதான் வரும்.

பயிற்சி சனிக்கிழமை காலைகளில் நடக்கும். ஆலோசகர் மேடம் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்கிறவர். அவருடைய முறை நாடகம். இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே. ஒருத்தி மனம் உடைந்தவளாக நடிக்க வேண்டும், இன்னொருத்தி துணையாக இருந்து கேட்க வேண்டும். முடிந்ததும் சுற்றியிருப்பவர்கள் கை தட்டுவார்கள். நடித்தவள் எழுந்து, இரண்டு கைகளையும் உதறி, "இது நான் இல்லை" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். "வேஷத்தைக் கலைக்காம யாரும் ரூமுக்குப் போகக் கூடாது" என்பார் மேடம்.

அன்று மனம் உடைந்தவளாக உட்கார்ந்தது பூனை. முதலாண்டுப் பெண். நடந்து வந்தால் காலடிச் சத்தமே கேட்காது என்பதால் அந்தப் பெயர். அதுவரை பயிற்சியில் வாயே திறக்காதவள் தானாகக் கை தூக்கியதும் மேடத்துக்கு ஒரே சந்தோஷம்.

"பரீட்சையில ஃபெயிலான பொண்ணு நீ. வீட்டுல சொல்லப் பயம். அவ்வளவுதான், மீதியை நீயே பேசு" என்றார். துணையாக எதிரே உட்கார்ந்தது ரேடியோ.

பரீட்சையைப் பற்றிப் பூனை ஒரு வார்த்தைதான் பேசினாள். பல வாரமாகத் தான் வகுப்புக்கே போகவில்லை என்றாள். காலையில் எல்லாரையும்போலப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, நூலகத்தில் கடைசி மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு கிடக்கிறாளாம்.

"அப்பா போன்ல 'எப்படிம்மா படிக்கிற'ன்னு கேப்பார். நல்லா படிக்கிறேன்னு சொல்வேன். அவர் சந்தோஷப்படறதைக் கேக்கத்தான் முடியல அக்கா. என் டேபிள் லைட்டைக்கூட ரூம்ல இருக்கற பொண்ணுக்குக் குடுத்துட்டேன். எனக்கு இனிமே எதுக்கு? முன்னாடி ரொம்பப் பயந்தேன். இப்ப பயமே இல்ல."

ரேடியோ பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே முன்னால் சாய்ந்தாள். சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்க வேண்டும், கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று மேடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவள் கணீரென்று கேட்டாள்.

"உயிரை விட்டுடலாம்னு நினைக்கிறியா?"

"ஆமா."

அடுத்த நிமிஷம் கைதட்டல் கூரையைப் பிளந்தது. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியே நிஜம் மாதிரி இருந்துச்சும்மா" என்றார். யாரோ ரேடியோவின் முதுகில் தட்டி, கேள்வியை எவ்வளவு தெளிவாகக் கேட்டாள் என்று மெச்சினார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கும்மாளத்திலேயே வகுப்பு கலைந்து எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

கேன்டீனில் ரேடியோ தன் பிரதாபத்தை அளந்துகொண்டிருந்தபோது, பூனையின் அறையில் தங்கியிருக்கும் கண்ணாடிக்காரி தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கும் இந்தத் திட்டத்துக்கும் சம்பந்தமில்லை.

"எனக்கு இன்னிக்கு நல்ல நேரம் அக்கா. பூனை அவளோட டேபிள் லைட்டை எனக்கே குடுத்துட்டா. புதுசு மாதிரி இருக்கு. ஏன்டின்னு கேட்டா, எனக்கு இனிமே எதுக்குங்கறா."

ரேடியோவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"அவ கிளாஸுக்குப் போறாளா?"

"நான் வேற டிபார்ட்மென்ட் அக்கா, எனக்கெப்படித் தெரியும்? காலையில பையோட போறா, சாயங்காலம் வர்றா. ஏன், என்ன ஆச்சு?"

காலையில் நடந்ததை ரேடியோ மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். பூனை எழுந்தாள். நாற்காலியை அதன் இடத்தில் திரும்பப் போட்டாள். சத்தமில்லாமல் வெளியே போனாள். கைகளை உதறவில்லை. "இது நான் இல்லை" என்று அவள் சொல்லவே இல்லை, அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவும் இல்லை.

உடனே எழுந்து ஓடினாள் என்று சொல்ல ஆசைதான். ஓடவில்லை. போன மாதம்தான் கட்டிலுக்கடியில் பாம்பு என்று கூப்பாடு போட்டு மாடியையே காலி செய்ய வைத்தாள். வார்டன் குனிந்து எடுத்தது ஒரு சார்ஜர் வயர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று இன்றுவரை கேலி ஓயவில்லை. இதுவும் அப்படியாகிப் போனால்? ஆனால் இந்தத் தடவை பேய் இருந்துவிட்டால்? போனை எடுத்துப் பூனையின் எண்ணை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. அதன் பிறகுதான் அவள் எழுந்து, போனைக் கண்ணாடிக்காரியின் கையில் திணித்தாள்.

"மேடத்துக்குப் போன் பண்ணு. பூனை காலையில நடிக்கலன்னு சொல்லு. உடனே ஹாஸ்டலுக்கு வரச் சொல்லு. விளையாட்டில்லடி!"

பூனையின் அறை திறந்தே கிடந்தது. கட்டிலில் விரிப்பில்லை, தலையணைக்கு உறையில்லை, வெறும் மெத்தை. அலமாரியும் காலி. எதிர் அறைப் பெண் எட்டிப் பார்த்து, "மூட்டைத் துணியோட கீழ துவைக்கிற ரூமுக்குப் போனா அக்கா" என்றாள். ரேடியோவுக்கு உயிர் திரும்பி வந்தது. துணி துவைக்கிறவள் எங்கே போய்விடப் போகிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள். பயம் மட்டும் கூடவே இறங்கி வந்தது.

பூனை வாஷிங் மெஷினுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடிக்குள் சுழலும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் ரேடியோவை உலுக்கியது.

"என்னடி, எல்லாத்தையும் ஒண்ணா போட்டுட்ட?"

"அழுக்குத் துணியை வெச்சிட்டுப் போனா, வந்து எடுக்கறப்ப அப்பாவுக்குக் கஷ்டம்ல" என்றாள் பூனை, திரும்பாமலே.

ரேடியோ பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். காலையில் கணீரென்று கேட்ட அதே கேள்வி. இப்போது தொண்டையைத் தாண்டி வர மாட்டேன் என்றது. 'ஆமா' என்றுவிட்டால் என்ன செய்வது? காலையில் அந்த 'ஆமா'வுக்கு அப்புறம் கைதட்டல்தான் வந்தது. அதற்கு மேல் அவளுக்கு ஒத்திகை இல்லை.

"உயிரை..." என்று நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தாள். "உயிரை விட்டுடலாம்னு நினைக்கிறியா?"

பூனை இப்போதுதான் அவளைப் பார்த்தாள்.

"காலையிலயே கேட்டீங்களே அக்கா. நானும் சொன்னேனே. எல்லாரும் கை தட்டினீங்க."

அதில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் ரேடியோ தாங்கியிருப்பாள். அப்பாவை நினைச்சுப் பார், உனக்கென்ன குறைச்சல், எல்லாம் சரியாயிடும் என்று ஆயிரம் சமாதானங்கள் அவள் நாக்கு நுனியில் வந்து முட்டின. பிறந்ததிலிருந்து வாயைக் கட்டிப் பழகாதவள், அத்தனையையும் விழுங்கினாள். பூனையின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க ஏன் அக்கா நடுங்கறீங்க?"

"பயமா இருக்குடி. கை தட்டினோமே, அது பெரிய தப்பு. உன்ன விட்டு நான் எங்கயும் போக மாட்டேன். மேடம் வந்துட்டிருக்காங்க. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

மெஷின் சுற்றிச் சுற்றி ஓய்ந்து, ஒரு குலுங்கலோடு நின்றது. திடீரென்று வந்த நிசப்தத்தில் பூனை அதன் கதவைப் பார்த்தாள். எழுந்துவிடுவாளோ என்று ரேடியோவின் பிடி இறுகியது. வெளியே நடையில், செருப்புக்கூடப் போடாத வெறுங்கால்கள் தடதடவென்று ஓடி வரும் சத்தம் கேட்டது.

பூனையின் விரல்கள் மெல்ல மடங்கி ரேடியோவின் கையைப் பற்றின.

"எனக்கும் பயமா இருக்கு அக்கா" என்றாள்.