சாம்சன் பரிசல் ஏறிய அன்று

பியூலாவுக்கு ராஜபாளையத்தில் எதைக் கண்டாலும் இளக்காரம்தான். அதிலும் அவள் புருஷன் காசிராஜன் கொண்டுவரும் மீனைக் கண்டால் வாய் தானாகவே கோணிக்கொள்ளும். கட்லாவுக்கு அவள் வைத்த பெயர் சேத்துக்கட்டி. ஜிலேபிக் கெண்டையை அரிவாள்மனையில் வைக்கும்போதே, "இதுக்குப் பேரு மீனுன்னு எவன் சொன்னான்?" என்று ஆரம்பித்துவிடுவாள். புருஷன் காதில் விழும்படியாகத்தான் சொல்வாள். அவன் இல்லாத நேரத்தில் சொல்லி யாருக்கு என்ன லாபம்?

திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவள் அவள். மில் வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தபோது, அதே மில்லில் ஃபிட்டராக இருந்த காசிராஜனை விரும்பிக் கட்டிக்கொண்டாள். இரண்டு வீட்டிலும் குதித்தார்கள், பிறகு குதித்துக் குதித்து ஓய்ந்தார்கள். அவள் கட்டியது என்னவோ மில்காரனைத்தான். அவனோ கொஞ்ச நாளில் மில்லுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தன் சித்தப்பா மக்களோடு சேர்ந்து பிளவக்கல் அணையில் மீன் பிடிக்கப் போய்விட்டான். பரிசலில்! அந்தப் பரிசலை நினைத்தாலே பியூலாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கடலில் போகும் வள்ளம் என்றால் முன்பக்கம் உண்டு, பின்பக்கம் உண்டு, எங்கே போகிறோம் என்று அதற்கே தெரியும். தோசைக்கல்லுக்கு எது முன்பக்கம்?

"எங்கப்பா ஆழ்கடலுக்குப் போயி சீலா மீனக் கொண்டாந்து போட்டவரு. நீங்க சட்டியில உக்காந்து சட்டிக்கு மீன் பிடிக்கிய" என்பாள். அவன் சிரித்துக்கொண்டே கை கழுவப் போவான். அந்தச் சிரிப்பும் அவளுக்கு எரிச்சல்தான். கோபம்கூட வராத ஆம்பளை என்ன ஆம்பளை என்று நினைத்துக்கொள்வாள்.

அவளுடைய அப்பா சாம்சன் இந்த வருஷம் புதிதாக ஒரு ஃபைபர் வள்ளம் இறக்கியிருந்தார். ஆள் தேவைப்பட்டது. மகளும் மருமகனும் ஊரோடு வந்துவிட வேண்டும் என்று போனில் சொன்னார். பியூலாவுக்கு அன்றைக்கே புறப்பட ஆசை. காசிராஜனுக்கு இல்லை. இங்கே சொந்தப் பரிசல், சொந்த வலை, யாருடைய அதட்டலும் இல்லாத பிழைப்பு. இதையெல்லாம் விட்டுவிட்டு மாமனாரின் வள்ளத்தில் ஏச்சு வாங்கிக்கொண்டு நிற்பதற்கா போவது? ஆனாலும் அவளுடைய நச்சரிப்பு தாங்காமல் கடைசியில் ஒரு வார்த்தை கொடுத்தான்.

"மாமா ஒரு தடவ இங்க வந்து எங்க தொழிலப் பாக்கட்டும். இது தொழிலே இல்லன்னு அவிய வாயால சொல்லிட்டா, மறுபேச்சு பேசாமப் பொட்டியக் கட்டுறேன்."

பியூலாவுக்குச் சிரிப்பாக வந்தது. அப்பா பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே அதைச் சொல்லிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கே பழைய சேலைகளை ஒதுக்க ஆரம்பித்துவிட்டாள்.

சாம்சன் வந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் சிலுவைச் சங்கிலி, வயசுக்கு மீறின நெஞ்சு விரிப்பு. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் காற்றை மோந்து பார்த்து, "காத்துல உப்பே இல்லியே" என்றார், யாரோ திருடிக்கொண்டு போய்விட்டதைப் போல. மறுநாள் விடிந்ததும் மீன் ஏற்றும் குட்டியானை வண்டியில் மகாராஜபுரம் வழியாக அணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் தென்னந்தோப்பு. தென்னை மரத்தையும் விட்டுவைக்கவில்லை அவர். எங்க ஊர்ப் பனை மாதிரி வருமா என்றார்.

அணைக்கரையில் காசிராஜனின் கூட்டாளிகள் நின்றார்கள். சித்தப்பா மகன் வினோத், பரிசல் ஓட்டுவதில் மூத்தவனான சோலைராஜ், மீன் வாங்க வந்த முத்துப்பேச்சியும் இன்னும் சில பெண்களும். கடல்காரர் வருகிறார் என்று வினோத் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். சாம்சன் தண்ணீரை ஒரு தடவை பார்த்தார்.

"அக்கரை தெரியுதேலே. கரை தெரியுத தண்ணிக்கு எதுக்குலே தோணி? நடந்தே போவலாமே."

பியூலா கலகலவென்று சிரித்தாள். சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காசிராஜன் பரிசலைத் தண்ணீரில் தள்ளினான். தானும் கூட வருவதாகச் சொன்னான். சாம்சன் கையை வீசி அவனை ஒதுக்கினார். சட்டிக்கு ரெண்டு ஆளா என்று கேட்டார்.

"இல்ல மாமா. இதுல முன்னால முட்டி போட்டு உக்காந்து, தண்ணிய நம்ம பக்கமா இழுக்கணும். இல்லன்னா..."

"ஏலே, எனக்கா சொல்லித் தாரே? நீ அரணாக்கயிறு கட்டுததுக்கு முன்னாலயே நான் கடல்ல கெடந்தவன்."

ஏறினார். வள்ளத்தில் உட்காரும் பழக்கத்தில் பின்னால் போய் உட்கார்ந்தார். அதற்குப் பின்பக்கமே கிடையாது என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை. துடுப்பை வலது பக்கம் போட்டு ஒரு இழுப்பு இழுத்தார். பரிசல் திரும்பி அவர் முகத்தைக் கரைக்குக் காட்டியது. இன்னும் பலமாக இழுத்தார். அது முதுகைக் காட்டியது. ஆத்திரம் ஏற ஏற இழுப்பு கூடியது. இழுப்பு கூடக் கூடச் சுற்றும் கூடியது. நடுவில் ஆழ்கடல் சாம்சன், சுற்றிலும் தண்ணீர், இருந்த இடத்தை விட்டு இம்மியும் நகரவில்லை.

"தாத்தா மாவாட்டுதாவ!" என்றான் வினோத். போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தான். முத்துப்பேச்சி கூடையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எல, இட்லிக்கா தோசைக்கான்னு கேளுங்கலே!" கரை முழுவதும் சிரித்தது.

பியூலாவால் அங்கே நிற்க முடியவில்லை. எந்த அப்பாவைக் காட்டி இத்தனை காலம் இந்த ஊரையே மிதித்தாளோ, அந்த அப்பா சுற்றிக்கொண்டிருந்தார். விடுவிடுவென்று நடந்து வண்டிக்கு மறுபக்கம் போய், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவமானத்தில் உடம்பு எரிந்தது. அதிலும் புருஷன்மேல்தான் கோபம் பொங்கியது. அவன்தானே இதையெல்லாம் இழுத்துவிட்டான்.

செத்த நேரத்தில் காதைப் பொத்தியதையும் மீறி ஒரு கூச்சல் கேட்டது. எழுந்து பார்த்தாள். சாம்சனின் பரிசல் துடுப்பில்லாமல் காற்றுக்கு ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது. அவர் ஒரு கையால் நெஞ்சுச் சங்கிலியை இறுக்கிப் பிடித்தபடி தடுமாறிக்கொண்டிருந்தார். காசிராஜனும் சோலைராஜும் இன்னொரு பரிசலில் அவரை நெருங்கியிருந்தார்கள். காசிராஜன் கரையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான்.

"மாமாவுக்கு நெஞ்சுவலி! வினோத்து, வண்டிய எடுலே! போன உள்ள வச்சிட்டு வண்டிய எடுறா!"

சிரிப்பு சட்டென்று அடங்கியது. மாவாட்டுதாவ என்றவனே செருப்பை விட்டுவிட்டு வண்டிக்கு ஓடினான். முத்துப்பேச்சி முந்தானையால் விசிறினாள். காசிராஜன் மாமனாரை முதுகில் தூக்கிக்கொண்டு அணைக்கரை ஏறினான். வண்டியில் ஐஸ் பெட்டிகளை இறக்கிப் போட்டுவிட்டு அவரைப் படுக்க வைத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பியூலா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொல்லி அழுதுகொண்டே போனாள்.

டாக்டரம்மா ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை, எதற்கும் சாயங்காலம் வரை படுத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் சாம்சன் கண்ணைத் திறந்தார்.

"ஏட்டி, எனக்கு என்ன கேடு? உம்புருசன் ஒரு மடப்பய. துடுப்பு கைநழுவிப் போச்சி. ரெண்டு பேரும் ஆடி அசைஞ்சு வாரானுவ. சீக்கிரமா வலிங்கலேன்னு கத்துனேன். வலி, வலின்னேன். தண்டு வலிக்கச் சொன்னா, நெஞ்சுவலின்னு தூக்கிட்டு வந்துட்டான். அத்தன பேரு முன்னால நான் என்னத்தச் சொல்ல?"

பியூலாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் ஊரில் துடுப்பைத் தண்டு என்றும், துடுப்புப் போடுவதை வலிக்கிறது என்றும்தான் சொல்வார்கள். பிறந்த பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தை. இந்த ஊரில் வலி என்றால் வலிதான். அழுத அழுகையெல்லாம் ஒரே நொடியில் கோபமாகத் திரண்டது. வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த காசிராஜனிடம் போனாள். அவன் சட்டை இன்னும் காயவில்லை.

"உங்களுக்கு மண்டையில என்னதான் இருக்கு? அப்பா வலின்னு சொன்னது துடுப்பு வலிக்க. அதுகூடத் தெரியாத ஆளக் கட்டிட்டு நான் படுத பாடு இருக்கே..."

"தெரியும்" என்றான் காசிராஜன்.

"என்ன தெரியும்?"

"கல்யாணமான புதுசுல உங்க ஊருக்கு வந்தோம்லா. மாமா என்னைய வள்ளத்துல ஏத்தி, கையில தண்டக் குடுத்து, வலின்னாவ. நான், எங்க வலிக்கு மாமான்னு கேட்டேன். கரையில நின்ன அம்புட்டுப் பேரும் சிரிச்சாவ." கொஞ்சம் நிறுத்தினான். "நீயும்தான் சிரிச்ச. பொறவு எப்படி மறக்கும்?"

பியூலாவுக்கு நினைவிருந்தது. அந்த ஊரில் இருந்த நாள் முழுக்க அவள் அக்கா தங்கைகள் அவனைக் கண்டாலே இடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்க வலிக்கு, எங்க வலிக்கு என்பார்கள். அவளே சொல்லிக்கொடுத்த கேலி அது.

"தெரிஞ்சா பொறவு ஏன் அப்படிக் கத்துனிய?"

"வினோத்து போனுல எடுத்துட்டு இருந்தான். அந்தச் சிரிப்ப நிப்பாட்ட எனக்கு வேற வழி தெரியல. வயசான மனுசன். நெஞ்சுவலின்னா எவன் சிரிப்பான்? அந்தப் படத்தையும் அழிக்கச் சொல்லிட்டேன்." எழுந்து நின்றான். "மாமாட்ட எதையும் சொல்லிக்கிடாத. எளநீ வாங்கிட்டு வாரேன்."

அவன் போன பிறகும் பியூலா பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே திரும்பிப் போக அவளுக்குக் கால் வரவில்லை. கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள், அவளுக்குத் தன்மேலேயே முதல் தடவையாக அருவருப்பு வந்தது.

வார்டுக்குள் நுழைந்தபோது சாம்சன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கச்சேரி வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள், அவர்களைப் பார்க்க வந்தவர்கள், ஊசி போட வந்த நர்ஸ் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கதையில் பரிசல் சுற்றவே இல்லை. காற்று பலமாக இருந்தது, துடுப்பு சொத்தையாக இருந்தது, அவ்வளவுதான்.

"வலின்னேன். அந்தக் கூமுட்ட நெஞ்சுவலின்னு நெனச்சிட்டான்! பச்சப் பிள்ளையத் தூக்குத மாதிரி தூக்கிட்டு ஓடியாரான்! தண்ணியில பொழைக்கிறவன் வலிக்கிறதுன்னா என்னன்னு தெரியாம இருக்கான் பாருங்க!"

வார்டே சிரித்தது. வாசலில் இளநீரோடு காசிராஜன் நின்றான். எல்லோரும் திரும்பி அவனைப் பார்த்து இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவனும் பல்லைக் காட்டினான்.

"எங்களுக்கு என்ன மாமா தெரியும்? நாங்க கம்மாத்தண்ணிக்காரங்க."

இந்தச் சிரிப்பைப் பியூலா எத்தனையோ தடவை சிரித்திருக்கிறாள். காது கொடுத்துக் கேட்டது இன்றைக்குத்தான். நடந்ததைச் சொல்லிவிட வாயைத் திறந்தாள். காசிராஜன் கண்ணாலேயே வேண்டாம் என்றான்.

"அம்புட்டுதான்" என்றார் சாம்சன். "இதெல்லாம் ஒரு தொழிலே இல்ல. பியூலா, பொட்டியக் கட்டு. இவன என் வள்ளத்துல ஏத்தி மனுசனாக்குதேன். முதல்ல தமிழ் படிச்சுக் குடுக்கணும்."

மறுபடியும் சிரிப்பு. காசிராஜன் தலையைக் குனிந்து இளநீரில் குழல் செருகினான். கொடுத்த வார்த்தை கொடுத்ததுதான் என்று அவன் முகம் சொன்னது. அந்த வள்ளத்தில் அவன் நிற்கப்போகும் ஒவ்வொரு நாளும் பியூலாவின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"நாங்க வரலப்பா" என்றாள்.

சாம்சன் காது கேட்காதவர்போல் குனிந்தார். "என்னது?"

"வரல."

"ஏன்?"

ஏன் என்று சொன்னால் பரிசல் சுற்றியதைச் சொல்ல வேண்டும்.

"எனக்குக் கடக்காத்து ஒத்துக்கிட மாட்டேங்குப்பா. அங்க வந்தா சளி பிடிச்சிக்கிடுது."

சாம்சன் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வார்டைப் பார்த்துக் கையை விரித்தார்.

"கேட்டீங்களா கூத்த! உப்புக்காத்துல பெறந்து, உப்புக்காத்துல வளந்தவளுக்குச் சளி பிடிக்குதாம்! இவனோட சேந்து இவளுக்கும் புத்தி கெட்டுப் போச்சி!"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர் இருமலோடு சேர்த்துச் சிரித்தார். வார்டில் இருந்த அத்தனை பேரும் பியூலாவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

காசிராஜன் சிரிக்கவில்லை.