மல்லாட்டை வறுத்த ஜன்னல்

போளூர் ரோட்டில் ஆதிமூலம் கட்டிய மூன்று மாடிக் கட்டடத்துக்கு மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. அண்ணாமலையார் மலை தெரிய வேண்டும் என்று அப்படிக் கட்டினார். மலை தெரிந்தது. கூடவே மத்தியான வெயிலும் உள்ளே வந்து கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது.

அவருக்குக் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி; வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். சாம்பிளுக்கு வந்த மல்லாட்டையை ஒருநாள் முதல் மாடி ஜன்னல் மேடையில் மறந்து வைத்துவிட்டுப் போனார். நாலு மணிக்கு வந்து பார்த்தால் வறுபட்டிருந்தது. உப்பு மட்டும்தான் குறை. மறுநாளிலிருந்து வாட்ச்மேன் இருசப்பன் அங்கேயே தினம் இரண்டு படி வறுத்து, பொட்டலம் கட்டி, கிரிவலம் போகிறவர்களுக்கு விற்க ஆரம்பித்தார்.

முதல் மாடியில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸ் வாடகைக்கு இருந்தது. மேனேஜர் கோதண்டராமன் குடை பிடித்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். பேனா மை காகிதத்தைத் தொடுவதற்குள் காய்ந்துவிடுவதாக ஊரில் பேச்சு. அவர் மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ஒரு வழி செய்யாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதாகச் சொல்லிவிட்டார்.

அருணாதேவி இந்த ஜன்னல்களை விடுவதாக இல்லை. ஆசிரமத்துப் பக்கம் வெளியூர்க்காரர்கள் தங்கும் அறைகளுக்கு ஆறு வருஷம் கர்ட்டன் தைத்தவள். ஒரு முழுக் கட்டடத்துக்கு, சுருட்டி இறக்கும் பிளைண்ட் போட்டுக் காட்டிவிட வேண்டும்; இதை விட்டால் ஆயுசுக்கும் தலையணை உறைதான் என்று முடிவு கட்டியிருந்தாள். ஆனால் ஆதிமூலம் துணியைத் தானே தேர்ந்தெடுத்துவிட்டார். வெளிச்சமே புகாத கனத்த வெள்ளைத் துணி.

"வெள்ளதாம்மா. வெயிலுக்கு இன்னாத்துக்கு வெள்ள வேட்டி கட்றோம்?"

"வெயில் நிக்குங்க. மலையும் மறைஞ்சிடும்."

"மலை எங்க போவப் போவுது? நீ மாட்டு."

வியாழக்கிழமை மத்தியானம் இன்சூரன்ஸ் ஆபீஸ் ஜன்னலில் மாட்டினாள். துணி சரசரவென்று இறங்கி மலையை மறைத்தது. டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்த பதினாலு பேரும் எழுந்து நின்று கையைக் கூப்பினார்கள். எதிரில் இருப்பது அண்ணாமலையார், திரை போட்டாயிற்று, திறக்கிறவரை நிற்பதுதானே முறை. எட்டாம் நம்பர், எட்டாம் நம்பர் என்று கிளார்க் கூப்பிட்டார். எட்டாம் நம்பர் வேடியப்பன் திரும்பிப் பார்க்காமல், "கொஞ்சம் இருங்க சார், நைவேத்தியம் ஆவட்டும்" என்றார். முக்கால் மணி நேரம் ஒரு காகிதம் நகரவில்லை. அருணாதேவி துணியைச் சுருட்டியதும் அரோகரா என்று ஒரு சத்தம். ஒரு அம்மாள் கவுன்ட்டரில் கை நீட்டி விபூதி கேட்டார். மேனேஜர் எப்போது செருப்பைக் கழற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை.

"பக்தி நல்லதுதானேம்மா" என்றார் ஆதிமூலம்.

"நல்லதுதாங்க. பாலிசி யாரு போடறது?" அவள் பையிலிருந்து வேறொரு துணியை எடுத்தாள். கொசுவலை மாதிரி பொடிப்பொடியாகக் கண் வைத்து நெய்தது. வெளிப்பக்கம் வெள்ளிப் பூச்சு, உள்பக்கம் கறுப்பு.

ஆதிமூலம் இரண்டடி பின்னால் போனார். "மலைக்கு எதிர்ல கறுப்புத் துணியா? இன்னா, அண்ணாமலையாருக்குக் கறுப்புக் கொடி காட்டச் சொல்றியா?"

"ஐயா, கண்ணு ஆபரேசன் பண்ணிக்கினீங்களே, டாக்டரு வெள்ளக் கண்ணாடியா குடுத்தாரு?"

அவர் மூக்கின் மேலிருந்த கறுப்புக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார்.

"நான் சொல்றத நீங்க நம்ப வாணாம். உங்க மல்லாட்ட சொல்றத நம்புவீங்கல்ல?"

அதை நம்புவார். ஒரு மல்லாட்டையைக் காதோரம் குலுக்கினால் எந்தக் கொல்லையில் விளைந்தது, கொல்லைக்காரருக்கு மாமியாரோடு பேச்சுவார்த்தை உண்டா இல்லையா என்பதுவரை சொல்லிவிடுவார் என்று பெயர்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே அவள் ஆபீஸின் மூன்று ஜன்னல்களில் துணி இறக்கினாள். ஒன்றில் அவருடைய வெள்ளை. ஒன்றில் அதே வலைத்துணி, வெளுத்த நிறத்தில். மூன்றாவதில் அவளுடைய கறுப்பு. ஒவ்வொன்றுக்கும் உள்பக்கம் ஒரு படி பச்சை மல்லாட்டை. நாலாவதான கடைசி ஜன்னலை மட்டும் இருசப்பனுக்காகத் திறந்து விட்டிருந்தாள்.

நாலு மணிக்கு ஆதிமூலம் வந்தார். கோதண்டராமன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வெள்ளைத் துணிப் பக்கத்து மல்லாட்டையைக் குலுக்கிக் கடித்தார். "பச்சையா கீது. வெயிலே படல." முகத்தில் ஒரு வெற்றி. திரும்பினால், அந்த ஜன்னலுக்கு எதிரில் ஒன்பது பேர் கைகூப்பி நின்றார்கள். வெளுத்த வலைத்துணிப் பக்கம் போனார். "அரை வறுவல். சூடு ஜாஸ்தி." அங்கிருந்தவர்கள் கண்ணுக்கு மேலே கையை வைத்து உட்கார்ந்திருந்தார்கள், துணியே வெயிலில் பளபளத்து மலையைத் தின்றுவிட்டது.

கறுப்புத் துணிப் பக்கத்து மல்லாட்டையை வெகுநேரம் மென்றார். அருணாதேவி அவருடைய தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வேடியப்பன் சாவகாசமாக உட்கார்ந்து, வாரிசுப் பெயரைத் தப்பாக எழுதிவிட்டதாகக் கிளார்க்கோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் துணி வழியாக மலை, பாறை பாறையாகத் தெரிந்தது.

"இன்னும் ரெண்டு வெயில் காட்டணும், அப்பதான் வறுபடும்" என்றார் ஆதிமூலம். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு மலையைப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "மூணு மாடிக்கும் அளவு எடும்மா."

கோதண்டராமன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு குடையை மடக்கினார். எட்டு மாதம் விரிந்தே இருந்ததால் அது மடங்க மறுத்தது.

அருணாதேவி டேப்போடு கடைசி ஜன்னலுக்கு வந்தபோது இருசப்பன் வறுத்த மல்லாட்டையை அள்ளிக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒரு பொட்டலம் நீட்டினார்.

"இந்த ஒரு ஜன்னல மட்டும் விட்டுடும்மா. யாருக்குத் தெரியப் போவுது?"

அவள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். ஒன்றை வாயில் போட்டு மென்றுகொண்டே டேப்பின் ஒரு நுனியை அவர் கையில் கொடுத்தாள்.

"அந்தப் பக்கம் கெட்டியா புடிங்கண்ணா."