சங்கிலியம்மாளின் மூன்று நிமிடம்

சுருளிப்பட்டிச் சங்கிலியம்மாளுக்கு மேடை ஏறினால் ஒரே ஒரு பயம்தான். யார் பெயராவது விட்டுப்போய்விடக் கூடாது. பஞ்சாயத்துத் தலைவி பதவிக்கு நின்ற முதல் தேர்தலில் ஒரு கிளைச் செயலாளரின் பெயரைச் சொல்ல மறந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போன மனிதர், தன் தெருவையே கூட்டிப் போய் எதிரணிக்குக் குத்திவிட்டார். ஒன்பது ஓட்டில் தோற்றாள். அன்றிலிருந்து இருபத்தைந்து வருடமாக, மேடையில் இருப்பவர், கீழே இருப்பவர், மைக் செட்காரர் வரை ஒருவர் விடாமல் ‘அவர்களே, அவர்களே’ என்று விளிக்காமல் அவள் பேச்சைத் தொடங்கியதே இல்லை. பெயர்கள் முடிவதற்குள் பாதிக் கூட்டம் டீ குடித்துவிட்டு வந்துவிடும். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் அவள் மேல் கோபித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஏலக்காய் எடுக்க மலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் அவள். தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து, அடுத்த தேர்தலில் தலைவியாகி, ஒன்றியக் கவுன்சிலராகி, ஐம்பத்தெட்டாம் வயதில் மாநிலங்களவைக்குப் போனாள். தெருத்தெருவாக ஓட்டுக் கேட்காமல் எம்.பி. ஆனது அவளுக்கே கொஞ்ச நாள் கூச்சமாக இருந்தது.

டெல்லிக்கு அவள் கொண்டு போனது ஒரே ஒரு விஷயம். விடியும்போது கம்பத்தில் ஜீப் ஏறி, மலை தாண்டிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களில் யாருக்காவது அடிபட்டால், மேலே போய்க் கேட்டால் நீ தமிழ்நாட்டுக்காரி என்பார்கள், கீழே வந்து கேட்டால் அடிபட்டது இங்கே இல்லையே என்பார்கள். சங்கிலியம்மாளோடு இருபது வருடம் ஒரே ஜீப்பில் போன பிச்சையம்மாள், போன வருடம் சரிவில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஐந்து மாதம் அலைந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. கை கோணலாகவே கூடிப்போனது. இரண்டு மாநிலத்திலும் செல்லும்படி ஒரே மருத்துவ அட்டை வேண்டும், அதைக் கேட்காமல் திரும்ப மாட்டேன் மதினி என்று அவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் சங்கிலியம்மாள் விமானம் ஏறினாள்.

பூஜ்ய நேரத்தில் மூன்று நிமிடம் தருவார்கள், முடிந்ததும் மைக் தானாக அணைந்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லித்தான் வைத்திருந்தார்கள். பழக்கம் விடுமா? எழுந்தாள். அவைத்தலைவர் அவர்களே என்றாள். அமைச்சர்கள், எதிர்வரிசைத் தலைவர்கள், முன்வரிசை மூத்த உறுப்பினர்கள் எல்லாரையும் பெயர் சொல்லி விளித்தாள். அவள் தமிழைக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்த பெண்ணையும் விடவில்லை. கடைசியாகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்த ஊழியரையும் அவர்களே ஆக்கிவிட்டு, “இப்போது நான் கேட்க வந்தது என்னவென்றால்” என்றாள். மைக் அணைந்தது.

அந்த வீடியோ தேனி மாவட்டம் முழுக்கச் சுற்றியது. கம்பம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர், மாண்புமிகு டீ மாஸ்டர் அவர்களே, சர்க்கரை கம்மியாக ஒன்று என்றாராம். சங்கிலியம்மாள் வெட்கத்தில் குறுகிப்போனாள். வெட்கத்தை விட, பிச்சையம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவளை அரித்தது. அந்த வாரக் கடைசியில் ஊருக்கு வந்தவள், வீட்டில் பையை வைத்துவிட்டு விடிகாலையில் நேராக ஜீப் ஸ்டாண்டுக்குப் போய் நின்றாள். பிச்சையம்மாள் திட்டவில்லை. ஜீப்பில் ஏறு என்று மட்டும் சொன்னாள்.

பயிற்சி ஜீப்பிலேயே நடந்தது. மலையடிவாரத்தில் பேச்சைத் தொடங்கி, மூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்குள் முடிக்க வேண்டும். டிரைவர் விஜய்பாண்டி அளந்து பார்த்ததில் அது சரியாக மூன்று நிமிடம். அதற்குள் முடிக்காவிட்டால் பிச்சையம்மாள் தன் கோணல் கையால் அவள் வாயைப் பொத்துவாள். ஜீப்பில் இருக்கும் பன்னிரண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்த வாரக் கடைசியிலும் அடுத்த வாரக் கடைசியிலும் எம்.பி.யின் வாய் ஏழு முறை பொத்தப்பட்டது.

எட்டாவது முறை சங்கிலியம்மாள் சலித்துப்போய், பேரைச் சொல்லாம ஆரம்பிச்சா நாக்கு கூசுது மதினி என்றாள்.

“அங்கன இருக்கவுக பேரு ஊரு உலகத்துக்கே தெரியும்டி. எங்க பேருதான் யாருக்கும் தெரியாது” என்றாள் பிச்சையம்மாள்.

அதைக் கேட்டதும் சங்கிலியம்மாள் வாயை மூடிக்கொண்டாள். யாரும் பொத்த வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாய்ப்பு பதினெட்டு நாள் கழித்து வந்தது. தோட்டத்து எடை போடும் கொட்டகையில் ஒரே போனைச் சுற்றிப் பன்னிரண்டு தலைகள். டெல்லியில் சங்கிலியம்மாள் எழுந்தாள். அவைத்தலைவர் அவர்களே என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அப்புறம் மலையை, ஜீப்பை, முறிந்த ஒரு கையை, இரண்டு பக்கமும் கைவிரித்ததை, வேண்டிய அட்டையைச் சொன்னாள். ஜீப் கணக்கில் இரண்டாவது வளைவு திரும்பும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. இன்னும் நாற்பது நொடி மிச்சம் இருந்தது.

“இதைக் கேட்கச் சொல்லி என்னை அனுப்பியவர்கள்” என்று தொடங்கினாள். “ஓவியா அவர்களே. ஞானபாக்கியம் அவர்களே.” ஜீப்பில் உட்காரும் வரிசையிலேயே ஒவ்வொரு பெயராக வந்தது. பிறந்ததிலிருந்து யாரும் அவர்களே என்று கூப்பிட்டிராத பெண்கள் கொட்டகையில் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். பிச்சையம்மாள் பெயரை மட்டும் நிறுத்திச் சொல்வதற்காகக் கடைசிக்கு வைத்திருந்தாள். பதினோரு பெயர் முடிந்து, சங்கிலியம்மாள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். மைக் அணைந்தது.

நாங்களும் இந்தக் கோரிக்கையோடு சேர்கிறோம் என்று அவையில் எந்தக் கட்சி என்று பாராமல் கைகள் உயர்ந்தன. மேஜைகள் தட்டப்பட்டன. இரண்டு மாநில அதிகாரிகளையும் உட்காரவைத்து அட்டைக்கு வழி செய்வதாக அமைச்சரின் கடிதமும் பத்தே நாளில் வந்தது. ஆனாலும் கடிதத்தோடு வந்து ஜீப்பில் ஏறிய சங்கிலியம்மாளுக்குச் சந்தோஷத்தில் ஒரு முள் இருந்தது. உன் பேர்தான் விட்டுப்போச்சு மதினி என்று சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

பிச்சையம்மாள் கடிதத்தை வாங்கி, அரசு முத்திரையைக் கோணல் கையால் ஒரு முறை தடவிப் பார்த்தாள்.

“அதுக்கு ஏன்டி அழுகிற? அட்டை எங்க கைக்கு வரட்டும். நன்றி சொல்ல எந்திரிப்பேல்ல, அன்னிக்கு என் பேரை முதல்ல சொல்லு.”

சங்கிலியம்மாள் அப்போதே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கோணல் கை வந்து பொத்தியது. விஜய்பாண்டி வண்டியை எடுத்தான். மூன்றாவது வளைவு தாண்டியும் அந்தக் கை விலகவில்லை, அவளும் எடுக்கச் சொல்லவில்லை.