இல்லாத ஏரி

எர்மெலிந்தாவின் சத்திரத்தில் சூப்பை ஆறவிட்டுவிட்டு, ஹாலட் துரை ஒரு பயணப் புத்தகத்தை ஸ்பானிஷில் வாசித்துக் காட்டினார். அதை எழுதிய அமெரிக்கக்காரி ஆல்மா ப்ரூஸ்டர் எதிரில் உட்கார்ந்திருந்தாள். பொலிவிய மலைகளில் தன்னந்தனியாக அலைந்தவள் என்று நியூயார்க்கில் அவளுக்குப் பேர். இந்த ஊருக்கு மேலே உள்ள கணவாயைத் தாண்டிய முதல் வெள்ளைக்காரி என்று அங்குள்ள ஒரு பயணிகள் சங்கத்தார் பதக்கம் கொடுக்கப் போகிறார்களாம். அதற்கு முன் இடத்தை நேரில் பார்த்துவிட்டு வரச் சொல்லி ஹாலட்டை அனுப்பியிருந்தார்கள்.

"'சத்திரக்காரி அழுக்குப் பிடித்தவள், வாயாடி, மந்த புத்தி'" என்று வாசித்தவர் எர்மெலிந்தாவைப் பார்த்து அசடு வழிந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அடுத்ததுதான் முக்கியம். கணவாய் உச்சியில சிவப்பு ஏரின்னு எழுதியிருக்காங்க. எவ்வளவு தூரம் அது?"

எர்மெலிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருஷத்துக்கு முன் இந்த மகராசி கணவாய்க்கா போனாள்? ஒன்பது நாள் பின்கட்டில் வயிற்றுப்போக்கில் கிடந்தாள். துடைத்துவிட்டு, கஞ்சி ஊட்டி, புலம்பாமல் படுத்திருக்கட்டும் என்று வாய்க்கு வந்த கதையெல்லாம் சொன்னது எர்மெலிந்தா. ஏரியும் அந்தக் கதையில் வந்ததுதான்.

"நான் மந்த புத்திக்காரி, எனக்கென்னங்கய்யா தெரியும்? பார்த்தவங்களைக் கேளுங்க."

"நாலு மணி நேரம்" என்றாள் ஆல்மா, தட்டைப் பார்த்தபடி.

சாப்பாடு முடிந்ததும் ஆல்மா அடுப்படிக்கு வந்தாள். "ஏரி வத்திப்போச்சுன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு."

"நீங்களே சொல்லுங்கம்மா. கதை கட்டறது உங்களுக்குத்தான் நல்லா வருதே."

"என் பிழைப்பே போயிடும்."

"போகட்டும்."

மறுநாள் காலை மூன்று கோவேறு கழுதைகள் தயாராக நின்றன. வழி தெரிந்தவர்தான் மணி கட்டிய கழுதையில் முன்னால் போக வேண்டும். அந்த மலையில் அதை யாரும் மீறுவதில்லை. எர்மெலிந்தா ஆல்மாவை அதில் ஏற்றிவிட்டாள். "போங்கம்மா. பின்னாலயே வர்றோம்."

ஊரைத் தாண்டியதும் பாதை மூன்றாகப் பிரிந்தது. மணிக் கழுதை நின்றுவிட்டது. ஆல்மா மூன்று பாதைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். எர்மெலிந்தா தன் கழுதையைப் பின்னாலேயே நிறுத்திக்கொண்டாள்.

"இதுக்கு மேல நான் போனதில்லை" என்றாள் ஆல்மா கடைசியில்.

"அப்ப புத்தகத்துல இருக்கறது?" என்றார் ஹாலட்.

"இவ சொன்னது."

ஹாலட் குறிப்பேட்டை எடுத்தார். "இவங்க பேரு என்ன?"

ஆல்மா எர்மெலிந்தாவைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்பது நாள் தன்னைக் கழுவிவிட்டவளின் பெயரை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. புத்தகத்தில் இருந்த பொய்யையெல்லாம்கூட எர்மெலிந்தா பொறுத்திருப்பாள். இதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.